பூட்டில் குறை இல்லை

எங்கள் கட்டடத்தின் லிஃப்டை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல லிஃப்ட். வயதுக்கு மீறி உழைக்கிறது. வீடு மாற்றுகிறவர்கள் பீரோவையும் கட்டிலையும் ஒரே தடவையில் திணித்து அதன் உயிரை வாங்கியிருக்கிறார்கள். முனகியிருக்கிறதே தவிர நின்றதில்லை. நாங்கள் இருக்கும் ஆறாம் மாடியில் லிஃப்ட் கதவின் பூட்டு பழுதாகி, கதவு தானாகத் திறந்துகொண்டதால்தான் என் அண்ணன் கால் வைத்து விழுந்துவிட்டார் என்று போலீஸ் அறிக்கைக்கு நீங்கள் எழுதிக்கொண்டு போனீர்கள். எங்கள் வீட்டில் நீங்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினீர்கள். அண்ணி அழுது முடிக்கும்வரை கேள்வியை நிறுத்திவைத்தீர்கள். அப்படிப்பட்ட ஒருவரின் அறிக்கையில் தப்பு இருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அந்தப் பூட்டு தானாகத் திறக்காது. கதவின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு துளை இருக்கும். அதில் முக்கோணச் சாவியை விட்டுத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினால் லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் இந்த மாடிக் கதவு திறக்கும். மெக்கானிக்குகளிடம் மட்டும் இருக்கும் சாவி அது. மாதா மாதம் வந்து எங்கள் லிஃப்டைப் பார்க்கிற மெக்கானிக்கை நீங்கள் கூப்பிட்டு மிரட்டியதாகக் கேள்வி. எங்கள் வட்டாரத்தில் அவரை கிரீஸ் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண போட்டோவிலும் விரல் கறுப்பாக இருக்கும். அண்ணனிடம் தொழில் கற்றவர். நேற்று எனக்கு போன் செய்தார்.

"அண்ணே, பூட்டை நான் சரியாத்தான் பாத்தேன். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அதை அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. என் பொண்டாட்டி சாப்பிடாம உக்காந்திருக்கா."

அந்த ஒரு வார்த்தைதான் இவ்வளவு நீளமாகிவிட்டது.

அண்ணனும் நானும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்த்தவர்கள். லிஃப்ட் ஓடுகிற அந்த உயரமான பள்ளத்தை நாங்கள் கிணறு என்போம். கிணற்றுக்குள், லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்றுதான் பாதி வேலை நடக்கும். நான் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பேன். லிஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அதன் கூரை அண்ணன் நிற்கிற மாடியின் தரைக்குச் சமமாக வந்ததும் நிறுத்துவேன். அண்ணன் சாவி போட்டுக் கதவைத் திறந்து "ஏறலாமா?" என்பார். நான் "ஏறு" என்பேன். அவர் காலை எடுத்து வைப்பார். ஏதாவது சரியில்லை என்றால் "நில்லு" என்பேன். வீட்டில் அண்ணனை நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். வேலையில் மட்டும் ஏறு, நில்லு. மரியாதை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று அவரே சொல்லிக்கொடுத்தது.

பார்த்துவிட்டுக் காலை வை என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். புதிதாகச் சேர்கிறவர்களை அண்ணன் இதைச் சொல்லியே அரித்தெடுப்பார். ஆனால் அவர் பார்க்கமாட்டார். கண் பைக்குள் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்கும், கால் இருட்டுக்குள் போய்விடும். ஒருநாள் கிரீஸ் கேட்டேவிட்டார்.

"எங்களை மட்டும் உயிரை வாங்குறீங்க. நீங்க குனிஞ்சுகூடப் பாக்குறதில்லையேண்ணே?"

"உங்களுக்கெல்லாம் மேல தம்பி இல்லையேடா" என்றார் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு மனிதன் தன் காலை என் குரலில் கட்டி வைத்திருக்கிறான் என்று அப்போது தோன்றவில்லை.

பிறகு அண்ணன் ஸ்கூட்டரில் போகும்போது சாலையோர மணலில் சறுக்கி விழுந்தார். தலைக்கவசம் கைப்பிடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றி நடைபாதை விளிம்பில் மோதியது. அதில் எனக்குப் பங்கில்லை. நான் வேறொரு ஊரில் வேலையாக இருந்தேன். காயம் ஆறியது, பேச்சு வந்தது, நடந்தார், என்னையும் அண்ணியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிழைத்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலேயே எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். அப்போது அண்ணன் தன் காபியைக் குடித்தார், அண்ணியுடையதைக் குடித்தார், பக்கத்துக் கட்டில்காரருடையதையும் எடுத்துக் குடித்தார். "இது என்னுது இல்ல" என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.

மூளை மருத்துவர் பொறுமையான அம்மா. அண்ணனை மேசைக்கு எதிரே உட்காரவைத்து ஒரு விளையாட்டு வைத்தார். "நான் ஒரு தடவை தட்டினா நீங்களும் ஒரு தடவை தட்டணும். நான் ரெண்டு தடவை தட்டினா தட்டவே கூடாது." அண்ணன் விதியைத் திருத்தமாகத் திருப்பிச் சொன்னார். மருத்துவர் இரண்டு தடவை தட்டினார். "ரெண்டு தட்டினா தட்டக் கூடாது" என்று சொல்லியபடியே அண்ணனின் கை இரண்டு தடவை தட்டியது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கை நம்மேல் பட்டால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

"நெத்திக்குப் பின்னால இருக்கற பகுதியை ஒரு பிரேக்னு வெச்சுக்கங்க" என்றார் மருத்துவர் என்னிடம். "உள்ள இதைவிடச் சிக்கல், சுருக்கிச் சொல்றேன். நமக்குப் பழகிப்போன வேலை ஒண்ணு இருக்கும். பொருளைப் பாத்ததும், குரலைக் கேட்டதும் கை கால் தானா அதைச் செய்யக் கிளம்பிடும். எல்லாருக்கும் கிளம்பும். 'இப்ப வேணாம்'னு பிடிச்சு நிறுத்தறது இந்த இடம்தான். உங்க அண்ணனுக்கு அறிவெல்லாம் இருக்கு. பிரேக்தான் பிடிக்கல."

ஒப்பிட்டுக் காட்ட எனக்கும் அதே விளையாட்டை வைத்தார். வேகமாக வைத்தார், குழப்பி வைத்தார். நான் ஒருமுறைகூடத் தப்பாகத் தட்டவில்லை. "உங்களுக்குப் பிரமாதமா வேலை செய்யுது. இனிமே அவருக்கும் சேத்து நீங்கதான் பிரேக் போடணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆயுள் தண்டனைக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டியது உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் சொன்னது விளையாட்டில்லை. அண்ணனை நிறுத்த என் குரலால் மட்டும்தான் முடிந்தது. அண்ணி கத்துவார், கெஞ்சுவார், கையைப் பிடித்து இழுப்பார். அண்ணன் "சரிம்மா, சரிம்மா" என்பார், கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நான் அடுத்த அறையிலிருந்து மெதுவாக "நில்லு" என்றால் போதும். அந்தரத்தில் நின்றுவிடும். கம்பெனிப் பழக்கம். சீப்பைப் பார்த்தால் தலை வாருவார். மேசையில் சீப்பு கிடக்கும்வரை வாருவார். கதவைப் பார்த்தால் திறப்பார். செருப்பைப் பார்த்தால் போட்டுக்கொண்டு கிளம்புவார், எங்கே என்று கேட்டால் "தெரியலடா, செருப்பு இருந்துச்சு" என்பார். நான் தலையைச் சொறிந்தால் அவரும் சொறிவார். அதனால் நான் வீட்டில் தலை சொறிவதை விட்டேன். கத்தரிக்கோல், தீப்பெட்டி, எல்லாவற்றையும் பீரோவில் பூட்டினோம். அண்ணனுடைய முக்கோணச் சாவியையும்தான்.

மருத்துவர் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். எதைச் செய்யும் முன்னும் பார்க்க வேண்டும், பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் செய்ய வேண்டும். நான் தினமும் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் நல்ல மாணவர். பார்ப்பார், சொல்லுவார். செய்கிற கைதான் காத்திருக்கவில்லை. ஒருநாள் அடுப்பில் இருந்த பாத்திரத்தைப் பார்த்து "சுடுது" என்று தெளிவாகச் சொன்னார், இரண்டு கையாலும் தூக்கினார். நான் குளியலறையில் இருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கதவைத் திறந்துவைத்துத்தான் குளித்தேன்.

அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. நான் வேலையை விட்டுவிட்டேன். கட்டடச் சங்கத்துக்காரர்கள் பாவம் பார்த்து, மோட்டார் அறைச் சாவியைக் கொடுத்து தினமும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னார்கள். அதுவும் அண்ணி வீட்டில் இருக்கும்போதுதான். மற்றபடி இரண்டு அறை, ஒரு ஜன்னல், எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய். பக்கத்து அறைக்குப் போனாலும் காது இந்த அறையில் இருக்க வேண்டும். தூக்கத்திலும் நான் "நில்லு, நில்லு" என்பேனாம். அண்ணி காலையில் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பேசிவைத்திருந்த பெண் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். "ஒருத்தரைக் கட்டினா ஒருத்தர் இலவசமா?" என்று கேட்டாளாம். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கணக்குத் தெரிந்த பெண்.

ஒரு மத்தியானம் அண்ணன் தன் வெந்துபோன கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உள்ள இருந்து எல்லாத்தையும் பாத்துட்டுத்தான்டா இருக்கேன். லிஃப்ட்ல மாட்டின ஆள் மாதிரி. மணி அடிக்கிறேன், அடிக்கிறேன், வெளிய கேக்கல."

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் விடுதலை கேட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அதற்குமேலும் ஏதோ சொன்னார். அது அவ்வளவு முக்கியமில்லை.

பழைய முதலாளி கூப்பிட்டது அப்போதுதான். தொலைவில் ஒரு நகரத்தில் உயரமான கட்டடங்கள் எழும்புகின்றன, லிஃப்ட் பொருத்தும் இடத்தில் மேற்பார்வை வேலை, தங்க அறை. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஒன்றுமில்லையப்பா, வெறும் வானம் என்றார். அன்று இரவு அண்ணியிடம் சொன்னேன்.

"போங்க தம்பி, யார் தடுத்தா? போறப்ப உங்க குரலை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க."

குத்தலாகச் சொன்னதுதான். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். போனில் "நில்லு" என்று பல தினுசில் பதிவு செய்தேன்; அதட்டி, மெதுவாக, தூரத்திலிருந்து. அண்ணன் சீப்பை எடுத்தபோது அண்ணி அதை ஓடவிட்டார். அண்ணன் போனை ஆசையாகப் பார்த்தார். "தம்பி உள்ள மாட்டிக்கிட்டான் போலிருக்கு. எடுத்து விடும்மா" என்றார், வாரிக்கொண்டே. அண்ணி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழுந்துபோய்க் கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினார். நானும் சிரித்தேன். அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பழைய முதலாளியிடம் வருகிறேன் என்று அந்த வாரமே சொல்லிவிட்டேன். எப்படிப் போவேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அடுத்த தடவை கிரீஸ் வந்தபோது, அண்ணனை ஒருமுறை லிஃப்டின் மேல் ஏற்றலாமா என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அண்ணனின் இடுப்பில் பெல்ட் கட்டி, கயிற்றைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நான் மோட்டார் அறைக்குப் போய் லிஃப்டின் கூரையை ஆறாம் மாடிக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். கீழேயிருந்து குரல் வந்தது: "ஏறலாமா?" விபத்துக்கு முந்தைய குரல். "ஏறு" என்றேன். அவர் குனிந்து பார்த்து, "கூரை இருக்குடா தம்பி" என்று சொல்லிவிட்டுக் காலை வைத்தார். நான் இறங்கி வந்து பார்த்தேன். கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையும் மனசும் ஒரே இடத்தில் இருந்தன. அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததில்லை.

"சாவியப் பாத்ததும் நேரா கதவுகிட்டப் போயிட்டார்ணே. யாரும் சொல்லவே இல்ல" என்றார் கிரீஸ். "தொழில்ண்ணே, ரத்தத்துல இருக்கு."

நானும் கவனித்திருந்தேன்.

இனி அந்த நாள். அண்ணி வேலைக்குப் போயிருந்தார். பீரோவைத் திறந்து சாவியை மேசைமேல் வைத்தது நான். மேசையில் சாவி வைப்பது குற்றமில்லை. வாசல் கதவைத் தாழிடாமல் விட்டதும் நான். மோட்டாரில் சத்தம் வந்ததால் மேலே பார்க்கப் போனேன் என்று உங்களிடம் சொன்னேன். மேலே போனது உண்மை. லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. அது ஓய்வாக நிற்கிற இடம் அதுதான். முதல் காரியமாக மெயினை அணைத்தேன். நடுவில் யாராவது உள்ளே ஏறி, அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது அநியாயம்.

மோட்டார் அறையின் தரையில், கம்பிவடங்கள் இறங்குகிற இடத்தில் ஒரு துளை உண்டு. குனிந்தால் கிணறு தெரியும். எங்கள் மாடிக் கதவு அதற்கு நேர் கீழே. கொஞ்ச நேரம் இருட்டாகவே இருந்தது. அவர் வரமாட்டார் என்றுகூட நினைத்தேன். அப்புறம் கதவு திறந்து, ஒரு கீற்று வெளிச்சம் கிணற்றுக்குள் விழுந்தது. வெளிச்சத்தில் அவர் செருப்பின் நுனி தெரிந்தது.

"ஏறலாமா?"

"ஏறு" என்றேன்.

ஏறலாமா என்று அவர் கேட்டால் ஏறு என்று வருவது என் வாயின் பழக்கம். அண்ணனுக்குக் கை எப்படியோ எனக்கு வாய் அப்படி. இதை இந்த இடத்தில் முடித்து, பழக்கத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்கள் அறிக்கையில் தப்பு இருக்கக் கூடாது என்று ஆரம்பத்தில் எழுதிவிட்டேன். அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் நடுவில், லிஃப்ட் கீழேதான் இருக்கிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பார்த்துவிட்டுச் சொல் என்பதும் எங்கள் தொழிலில் பாடம்தான்.

அண்ணனும் பார்த்தார். நான் தினமும் சொல்லிக்கொடுத்தபடியே குனிந்து பார்த்தார், பார்த்ததை வாய்விட்டுச் சொன்னார்.

"கீழ இருக்குடா தம்பி."

பயந்த குரல் இல்லை. எனக்குத் தகவல் சொல்லுகிற குரல். சொல்லிக்கொண்டிருக்கும்போதே செருப்பின் நுனி வெளிச்சத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

கிணற்றுக்குள், லிஃப்டின் கூரைமேல் முதலில் இறங்கியது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். சாவி அவர் கையில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. துடைத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கதவுத் துளையில் போட்டுப் பாருங்கள். பூட்டு வெண்ணெய்போலத் திரும்பும். கிரீஸை விட்டுவிடுங்கள்.

அன்று மத்தியானம் அண்ணன் சொன்னதில் ஒரு வாக்கியம் முக்கியமில்லை என்று விட்டிருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். மணி அடிக்கிறேன், வெளிய கேக்கல என்றவர், கொஞ்சம் பொறுத்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "பரவால்லடா. நீ மேலதானே இருக்க."

நான் மேலேதான் இருந்தேன். செருப்பு நகர்ந்ததைப் பார்த்ததும் "நில்லு" என்ற சொல் தானாகக் கிளம்பிப் பல் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நின்றிருப்பார், எப்போதும் நின்றிருக்கிறார். நான் நாக்கை அழுத்திக்கொண்டேன். சொல் உள்ளேயே நின்றுவிட்டது. மருத்துவர் சொன்னது சரி. எனக்கு அந்த இடம் பிரமாதமாக வேலை செய்கிறது.

இப்போதுதான் ஒரு தொந்தரவு. அண்ணி வாசலைத் தாண்டினால், மாடிப்படியில் யாராவது காலெடுத்து வைத்தால், ஜன்னலில் ஒரு புறா நகர்ந்தால், "நில்லு" என்று வாய் சொல்லிவிடுகிறது. காலியான அறையிலும் சொல்கிறது. அண்ணி ஆரம்பத்தில் திரும்பிப் பார்த்தார், இப்போது பார்ப்பதில்லை. உதட்டைக் கடித்து அடக்கிப் பார்க்கிறேன், முடியவில்லை. அந்த ஒரு தடவைதான் முடிந்தது.